உருகிய எஃகின் வெப்பநிலை: உலைத் தளத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கி, லேடிலில் (உருகிய எஃகை ஏந்தும் பெரிய வாளி) இறக்கி, பில்லட் (கம்பி உருட்டுவதற்கான நீண்ட எஃகுக் கட்டை) வார்க்கும் சிறு ஆலைகளில் மெல்டர்களும் ஷிஃப்ட் சூப்பர்வைசர்களும் டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம். எண்கள் பெரும்பாலும் 10 டன் உலைக்கும் 10 டன் லேடிலுக்கும் பொருந்துபவை. லேடில் பெரிதாக ஆக இழப்பு குறையும்.

1. இரும்பு உருகிட்டா போதாதா? எதுக்கு இவ்வளவு டிகிரி கணக்கு?

கம்பிக்கான சாதாரண எஃகு சுமார் 1512 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். இதற்கு லிக்விடஸ் என்று பெயர். உலையில் உருகிவிட்டதென்று அப்படியே இறக்கினால், லேடிலைத் தாண்டி டன்டிஷுக்கு (லேடிலுக்கும் வார்ப்பு அச்சுக்கும் நடுவிலுள்ள தொட்டி) வருவதற்குள் கூழாகிவிடும். ஆகவே லிக்விடஸுக்கு மேல் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். அந்தக் கூடுதல்தான் சூப்பர்ஹீட். டன்டிஷில் அது 20 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால் பில்லட் வார்ப்பு நிம்மதியாக ஓடும்.

அதற்குக் கீழே போனால் நாசில் (எஃகு வெளியேறும் துளை) உறையும், லேடில் அடியில் மெட்டல் கட்டிக்கொள்ளும், சில நேரம் ஹீட் (ஒரு தடவை உருக்கிய எஃகு) முழுவதையும் திரும்ப உலையில் கொட்ட வேண்டிவரும். மேலே போனால் வார்ப்பு அச்சுக்குள் உறைந்த ஓடு மெல்லியதாக இருக்கும். அச்சை விட்டு வெளியே வந்ததும் அது கிழிந்து மெட்டல் கொட்டிவிடலாம். கொட்டாவிட்டாலும் பில்லட்டின் நடுவில் கார்பனும் கந்தகமும் ஒதுங்கிச் சேரும். போதாக்குறைக்கு உலையின் உட்சுவரான லைனிங்கும் கரையும், கரன்ட் பில்லும் ஏறும்.

2. எந்த ஸ்டீலுக்கு எத்தனை டிகிரின்னு எப்படிக் கணக்குப் போடுறது?

1537-இலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு தனிமத்தின் சதவீதத்தையும் அதற்குரிய எண்ணால் பெருக்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள்: கார்பனுக்கு 78, சிலிக்கானுக்கு 7.6, மாங்கனீஸுக்கு 4.9, பாஸ்பரஸுக்கு 34.4, கந்தகத்துக்கு 38. கார்பன் 0.22, சிலிக்கான் 0.20, மாங்கனீஸ் 0.70, பாஸ்பரஸ் 0.040, கந்தகம் 0.035 என்று லேப் ரிப்போர்ட் வந்தால், கழிபவை முறையே 17.2, 1.5, 3.4, 1.4, 1.3. கூட்டினால் சுமார் 25. லிக்விடஸ் 1512.

கார்பன்தான் இதில் ராஜா. 0.10 சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட 8 டிகிரி இறங்கும். கார்பன் 0.60 உள்ள எஃகைக் கம்பி எஃகின் சூட்டிலேயே வார்த்துவிட்டு, 'பில்லட் நடுவில் ஓட்டை வருது' என்று புலம்புவதற்குக் காரணம் இந்த 30 டிகிரியை மறந்ததுதான்.

3. அப்போ உலையிலிருந்து எத்தனை டிகிரியில இறக்கணும்?

இதை முன்னாலிருந்து யோசித்தால் விடை கிடைக்காது. கடைசியிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். வார்ப்பு முடியும் நேரத்தில் டன்டிஷில் குறைந்தது 1530 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பு நடக்கும் அரை மணி நேரத்தில் டன்டிஷ் சூடு சுமார் 20 டிகிரி இறங்கும். ஆக ஆரம்பத்தில் 1550. லேடிலிலிருந்து டன்டிஷுக்கு விழும்போது 30 போகும். லேடிலைத் திறக்கும்போது 1580. எஃகைக் கலக்க ஆர்கான் வாயு விடவும் கிரேனில் தூக்கி வைக்கவும் 8 நிமிடம், நிமிடத்துக்கு 2 டிகிரி, அது ஒரு 16, ஆக 1596. உலையிலிருந்து லேடிலில் கொட்டும்போதும் ஃபெர்ரோ அலாய் (மாங்கனீஸ், சிலிக்கான் சேர்க்கப் போடும் இரும்புக் கலவை) போடும்போதும் 50. மொத்தம் 1646.

இந்த இழப்புகள் ஒவ்வொரு ஆலைக்கும் மாறும். உங்கள் ஆலையில் 20 ஹீட்டுக்கு உலை, லேடில், டன்டிஷ் மூன்று இடத்திலும் நேரத்தோடு எழுதிவைத்தால் உங்கள் எண்கள் கிடைத்துவிடும். பக்கத்து ஆலையில் 1660-இல் இறக்குகிறார்கள் என்பதற்காக நீங்களும் இறக்க வேண்டாம். அவர்கள் லேடிலை வெறும் செங்கல் நிறத்தில்தான் சூடாக்குகிறார்களோ என்னவோ.

4. டிப்புக்குள்ள என்னதான் இருக்கு? ஒரு தடவைக்கு மேல ஏன் ஆகாது?

டிப் என்பது எஃகின் சூட்டை அளக்க, லான்ஸ் என்னும் நீண்ட கம்பிக் குழாயின் நுனியில் மாட்டும் அட்டைக் குழாய். அதன் நுனியை உடைத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய இரும்பு மூடி. அதை எடுத்தால் ஆங்கில 'யு' எழுத்தைப் போல வளைந்த, தீக்குச்சியை விடச் சற்றே தடித்த கண்ணாடிக் குழல், அது குவார்ட்ஸ். அதற்குள் தலைமுடி அளவுக்கு மெல்லிய இரண்டு உலோக இழைகள், வளைவின் நடுவில் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று தூய பிளாட்டினம், மற்றது 10 சதவீதம் ரோடியம் கலந்த பிளாட்டினம். இப்படிப்பட்ட இழை ஜோடிக்குத் தெர்மோகப்பிள் என்று பெயர்; இது அதில் எஸ் வகை. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடம் சூடாகும்போது மின்னழுத்தம் பிறக்கும். இதை 1821-இல் சீபெக் கண்டார். பிளாட்டினம், ரோடியம் ஜோடியை அளவுக்கருவியாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்லியே.

இரும்பு மூடி கசடைத் தாண்டும் வரைக்கும்தான் காவல். கசடு நேரடியாகக் குவார்ட்ஸில் ஒட்டினால் அளவு கெட்டுவிடும். எஃகுக்குள் போனதும் மூடி உருகி விலகும், குவார்ட்ஸ் நேரடியாகச் சூட்டை வாங்கும். குவார்ட்ஸ் அந்தச் சூட்டில் சில விநாடிகளில் இளகி அரிக்கப்பட்டுவிடும். இழையும் அதோடு அறுந்துவிடும். ஒரு டிப் ஒரு அளவுக்குத்தான்.

5. டெம்பரேச்சர் எடுக்கிற சரியான முறை என்ன?

முதலில் உலையின் பவரை நிறுத்துங்கள். காயிலின் காந்தப்புலம் கேபிளில் இரைச்சலை ஏற்றி எண்ணைக் குதிக்கவைக்கும். அதைவிட முக்கியம், லைனிங்கில் கசிவிருந்தால் லான்ஸைப் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்கும். இதில் சமரசமே கிடையாது.

கசடை ஒதுக்கி ஓரளவு திறந்த இடம் செய்யுங்கள். டிப்பை லான்ஸில் முழுவதும் தள்ளி, உள்ளே தொடர்பு பிடித்ததும் மீட்டரில் 'தயார்' விளக்கு எரிகிறதா பாருங்கள். விளக்கு எரியாமல் உள்ளே விடுவது ஒரு டிப்பைத் தூர எறிவதற்குச் சமம். பிறகு தயங்காமல் ஒரே வீச்சில், சுவரிலிருந்து தள்ளி, எஃகின் மேற்பரப்புக்கு 250 முதல் 300 மில்லிமீட்டர் கீழே போகுமாறு விடுங்கள். ஆட்டாமல் பிடியுங்கள். 4 முதல் 6 விநாடிக்குள் மீட்டர் முடித்துவிடும். ஹாரன் அடித்ததும் எடுத்துவிடுங்கள். பத்து விநாடி பிடித்தால் அட்டை எரிந்து, லான்ஸின் நுனித் தொடர்புப் பகுதி பாழாகும்.

உள்ளே விடும்போது மெதுவாக இறக்குவது புதியவர்கள் செய்யும் தவறு. மூடி கசடிலேயே உருகிப்போய், குவார்ட்ஸில் கசடு பூசிக்கொள்ளும்.

6. மீட்டர்ல ஒரு நம்பர் நின்னுடுச்சுன்னா அது சரியான அளவுதானா?

மீட்டர் பார்ப்பது மின்னழுத்தம் ஏறும் கோட்டை. முதலில் சடாரென ஏறும், பிறகு ஒரு மேடையைப் போலச் சமமாக ஓடும், இழை அறுந்ததும் கீழே விழும். அந்த மேடையில் ஒரு விநாடியாவது 2, 3 டிகிரிக்குள் நின்றால்தான் மீட்டர் அதை அளவாக எடுத்துக்கொள்ளும். மேடை சாய்வாகவே ஏறிக்கொண்டு போனால் எஃகு ஒரே சூட்டில் இல்லை, அல்லது ஆழம் போதவில்லை. மேடையே வராமல் ஏறி உடனே விழுந்தால் குவார்ட்ஸ் முன்கூட்டியே உடைந்திருக்கும்.

கோட்டைத் திரையில் காட்டும் மீட்டர் இருந்தால் எண்ணைப் பார்க்கும் முன் கோட்டைப் பாருங்கள். எண்ணை மட்டும் காட்டும் மீட்டரில், முந்தைய ஹீட்டோடும் செலவான யூனிட்டோடும் ஒப்பிடுவதுதான் வழி.

7. அடுத்தடுத்து ரெண்டு தடவை எடுத்தா ரெண்டு நம்பர் வருது. எதை நம்புறது?

5 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் சராசரியை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். டிப்பின் இயல்பான பிழையே சில டிகிரி இருக்கும். 10-க்கு மேல் என்றால் மூன்றாவது டிப் போடுங்கள்.

மூன்றாவதும் குழப்பினால் இதை நினைவில் வையுங்கள்: டிப் செய்யும் தவறுகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான். ஆழம் குறைவு, கசடு ஒட்டியது, உருகாத ஸ்க்ரேப் (பழைய இரும்பு) பக்கத்தில் இருந்தது, லான்ஸ் நுனியில் ஈரமோ கார்பன் தூளோ படிந்து மின்னழுத்தம் கசிந்தது, எல்லாமே குறைத்துத்தான் காட்டும். கூட்டிக் காட்டும் தவறு அரிது. அது வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள் (கேள்வி 9).

8. ஸ்டோர்ல எஸ் டிப் இல்லை, ஆர் டிப் இருக்கு. போட்டுடலாமா?

எஸ், ஆர், பி என்பவை இழைகளின் கலப்பைப் பொறுத்த தெர்மோகப்பிள் வகைகள். மீட்டரின் அமைப்பையும் மாற்றினால் போடலாம். மாற்றாமல் போட்டால் விபரீதம். 1600 டிகிரியில் எஸ் வகை 16.777 மில்லிவோல்ட், ஆர் வகை 18.849, பி வகை 11.263 கொடுக்கும். எஸ் டிப்பை ஆர் அமைப்பில் இருக்கும் மீட்டரில் போட்டால் 1600 டிகிரி எஃகை அது சுமார் 1450 என்று காட்டும். அதை நம்பி மெல்டர் பவரைத் தட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆர் டிப்பை எஸ் அமைப்பில் போட்டால் அளவெல்லை தாண்டிவிடும்; குறைந்தபட்சம் அது தப்பென்று தெரிந்துவிடும். பி டிப்பை எஸ் அமைப்பில் போட்டால் 1140 பக்கம் வரும்.

டிப் பெட்டி வந்ததும் வகையைப் பார்த்து, மீட்டரின் மேல் அதே எழுத்தைப் பெயின்டால் எழுதிவையுங்கள். ஒரு ஆலையில் ஒரே வகை என்பது நல்ல பழக்கம்.

9. காலையில சரியா காட்டுற லான்ஸ் மத்தியானம் 50, 60 டிகிரி ஏத்திக் காட்டுது. மீட்டர் போச்சா?

மீட்டரில் குற்றமிருக்க வாய்ப்புக் குறைவு. லான்ஸிலிருந்து மீட்டர் வரை போகும் கேபிளை யாராவது சமீபத்தில் மாற்றினார்களா என்று கேளுங்கள். டிப்பின் பிளாட்டினம் இழைக்கு ஒத்த காம்பென்சேட்டிங் கேபிள்தான் அங்கே போட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: அமெரிக்க முறையில் எஸ், ஆர் வகைகளுக்கான கேபிள் பச்சை. சர்வதேச ஐஇசி முறையில் அவற்றுக்கு ஆரஞ்சு. அங்கே பச்சை என்றால் கே என்னும் வேறு தெர்மோகப்பிள் வகை. 'பழசும் பச்சை, புதுசும் பச்சை' என்று மாற்றியிருந்தால் கதை முடிந்தது.

கே வகைக் கேபிள் டிகிரிக்கு 0.04 மில்லிவோல்ட் கொடுக்கும். லான்ஸின் இணைப்பு மீட்டரை விட 25 டிகிரி சூடாக இருந்தால் 1 மில்லிவோல்ட் சேர்ந்துவிடும். சரியான கேபிளில் அது 0.15 தான் இருந்திருக்கும். 1600 டிகிரி பக்கத்தில் எஸ் வகைக்கு ஒரு டிகிரி என்பது 0.012 மில்லிவோல்ட். கூடுதலாக வந்த 0.85-ஐ வகுத்தால் 70 டிகிரி! காலையில் லான்ஸ் குளிர்ந்திருக்கும், பிழை தெரியாது. மத்தியானம் நாலு ஹீட் பார்த்த பிறகு இணைப்பு சூடேறும், எண்ணும் ஏறும்.

இதற்கு நேர்மாறானது சாதாரண செம்புக் கேபிள் போடுவது. இணைப்பு 10 டிகிரி சூடேறினால் அளவு சுமார் 5 டிகிரி இறங்கும். ஏனென்றால் எஸ் வகையின் உணர்திறன் சாதாரண வெப்பத்தில் பாதிதான். பி வகைக்கு மட்டும் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அறை வெப்பத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம் மில்லிவோல்ட்தான் தரும், செம்புக் கேபிளே போதும். காம்பென்சேட்டிங் கேபிளின் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்திருந்தால், செம்புக் கேபிளில் வரும் பிழையைப் போல இரு மடங்கு வரும்.

10. மீட்டர் சரியா இருக்கான்னு நாமே பார்க்க முடியுமா?

மில்லிவோல்ட் கொடுக்கும் சிமுலேட்டர் ஒன்று ஆலையில் இருந்தால் முடியும். அதை லான்ஸின் நுனியிலேயே மாட்டுங்கள், மீட்டரின் பின்பக்கம் அல்ல. அப்போதுதான் கேபிளும் தொடர்புகளும் சேர்ந்து சோதனைக்கு உட்படும். குளிர்முனைத் திருத்தம் (அறை வெப்பத்துக்கான கழிப்பு) செய்யும் சிமுலேட்டரில் எஸ் வகை, 1600 என்று வைத்தால் மீட்டர் 1600 காட்ட வேண்டும். வெறும் மில்லிவோல்ட் மட்டும் தருவதென்றால், அறை 30 டிகிரியில் இருக்கும்போது 16.777-இலிருந்து 0.173-ஐக் கழித்து 16.604 கொடுங்கள். 2 டிகிரிக்கு மேல் விலகினால் சரிசெய்ய அனுப்பலாம்.

டிப்புகளின் தரத்தை ஆலையில் சோதிக்க முடியாது. தயாரிப்பாளர்கள் இழையைப் பல்லேடியம் உருகும் புள்ளியில், அதாவது 1554.8 டிகிரியில், சோதித்துச் சான்று தருவார்கள். பெட்டியோடு அந்தச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். புதுப் பெட்டி திறக்கும் நாளில் பழைய டிப் ஒன்று, புதிய டிப் ஒன்று என்று அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது மலிவான காப்பீடு.

11. கன் மாதிரி ஒண்ணு வருதே, தூரத்துல இருந்து காட்டினா போதும்கிறாங்க. அது வாங்கலாமே?

கடையில் கிடைக்கும் சாதாரண இன்ஃப்ராரெட் கன் இதற்கு ஆகாது. உருகிய எஃகுக்கென்று குறைந்த அலைநீளத்தில் வேலை செய்யும் பைரோமீட்டர் வேறு. அதிலும் சிக்கல் உண்டு. பைரோமீட்டர் பார்ப்பது ஒளியை. ஒரே சூட்டில் இருந்தாலும் சுத்தமான எஃகு குறைவாகவும் கசடும் ஆக்சைடு படலமும் அதிகமாகவும் ஒளிவிடும். உலைக்குள் எட்டிப் பார்த்தால் கசடு மிதக்கும் இடம் பளிச்சென்றும் திறந்த எஃகு மங்கலாகவும் தெரிவது இதனால்தான். இந்த ஒளிவிடு திறனில் 10 சதவீதம் தவறினால், நல்ல பைரோமீட்டரிலும் 20 டிகிரிக்கு மேல் பிழை வரும். நடுவில் புகை வந்தால் காட்டும் எண் இன்னும் இறங்கும்.

உலையிலிருந்து விழும் ஓடையை நோக்கி நிலையாகப் பொருத்தி, ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனிக்க உதவும். அறுதி எண்ணுக்கு டிப்தான். 'கண்ணாடி போட்டுப் பார்த்தாலே 1640-ன்னு சொல்லிடுவேன்' என்னும் பழைய மெல்டர்களின் கண் பலமுறை சரியாகவே இருக்கும். ஆனால் இரவு ஷிஃப்டில் அதே கண் வேறு எண் சொல்லும்.

12. இறக்கின உடனே லேடில்ல 60, 70 டிகிரி காணோம். எங்கதான் போகுது?

பெரும்பகுதி லேடில் சுவருக்குள் போகிறது. உள்முகம் 1000 டிகிரிக்கு மேல் இருந்தால் இழப்பு கட்டுப்படும். 700-இல் மங்கிய சிவப்பாக இருந்தால் அந்த வித்தியாசத்தை எஃகுதான் கொடுத்தாக வேண்டும். முதல் ஹீட்டுக்கும், காலியாகி அரை மணிக்கு மேல் சும்மா கிடந்த லேடிலுக்கும் 15 முதல் 25 டிகிரி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பர்னர் எரிகிறது என்பதால் லேடில் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சுடர் அடிப்பகுதியைத் தொடாமல் வாயிலேயே எரிந்துகொண்டிருக்கும் லேடில்கள் நிறைய.

அடுத்து மேற்பரப்பு. 1600 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் திறந்த எஃகு 300 கிலோவாட்டுக்கும் மேல் கதிர்வீசும். 10 டன் லேடிலில் இது மட்டுமே நிமிடத்துக்கு 2 டிகிரியைத் தின்னும். மூடினால் பெருமளவு நின்றுவிடும். மூடுவதற்கு நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது உமிச்சாம்பல். பெரும்பங்கு சிலிக்கா, உள்ளே நுண்ணிய காற்றறைகள், அருமையான போர்வை. ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அலுமினியத்தால் ஆக்சிஜன் நீக்கிய எஃகுக்கு மட்டும் இதைத் தவிர்த்துவிடுங்கள். சிலிக்காவை அலுமினியம் தாக்கி அழுக்கு சேரும்.

மீதி, ஓடை விழும்போது காற்றுக்குப் போவதும் ஃபெர்ரோ அலாய் உருகுவதற்குப் போவதும். ஃபெர்ரோ மாங்கனீஸ் குளிரவைக்கும். ஃபெர்ரோ சிலிக்கான் அவ்வளவாகக் குளிரவைக்காது, கரையும்போது அதுவே சூடு தருவதால். இறக்கும் வாய்க்கால் உடைந்து ஓடை விசிறியாக விழுந்தால் இழப்பு இன்னும் கூடும்.

13. உலையில இன்னும் 30 டிகிரி வேணும். எவ்வளவு நேரம் பவர் கொடுக்கணும்?

ஒரு டன் எஃகை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 0.23 யூனிட். 10 டன்னுக்கு 30 டிகிரி என்றால் 69 யூனிட். உலையின் பயன்திறன் 70 சதவீதம் என்று வைத்தால் 100 யூனிட். 5000 கிலோவாட் உலை ஒரு நிமிடத்தில் 83 யூனிட் இழுக்கும். ஆக ஒரு நிமிடம் 12 விநாடி!

பலர் இதை உணர்வதில்லை. முழுப் பவரில் நிமிடத்துக்கு 25 டிகிரி ஏறும் உலையில், பவரை நிறுத்தாமல் டிப் கொண்டுவரப் போனவர் திரும்பி வருவதற்குள் மூன்று நிமிடம் ஓடினால் 75 டிகிரி தாண்டிவிடும். ஆகவே கடைசி ஸ்க்ரேப் உருகியதும் ஒரு டிப், கணக்குப் போட்டு யூனிட் மீட்டரைப் பார்த்து பவர், மறுபடி ஒரு டிப். இரண்டு டிப்பின் விலை, தேவைக்கு மேல் ஏற்றிய சூட்டுக்கான கரன்ட் விலையை விடக் குறைவு.

14. லேடில்ல சூடு குறைஞ்சு போச்சு, கேஸ்டர் தயாரா நிக்குது. என்ன பண்றது?

லேடில் ஃபர்னஸ் (லேடிலிலேயே மின்வில்லால் சூடேற்றும் அமைப்பு) இருந்தால் கவலையில்லை. கேள்வி 13-இன் அதே கணக்கு, ஆனால் பயன்திறனை 50 சதவீதம் பக்கம் வையுங்கள். மூன்று மின்முனைகளின் வில் கசடுக்குள் புதைந்திருக்க வேண்டும். கசடு மெல்லியதாக இருந்தால் வில்லின் சூடு எஃகுக்குப் போகாமல் லேடில் சுவரைச் சுடும். சூடேற்றும்போது ஆர்கான் ஓடாவிட்டால் மேலே மட்டும் சூடேறி டிப் பொய் சொல்லும்.

லேடில் ஃபர்னஸ் இல்லையென்றால் நேர்மையான வழி ஒன்றுதான்: 10 டிகிரி குறைவு என்றால் பர்ஜிங்கை (ஆர்கான் விட்டுக் கலக்குவதை) சுருக்கி உடனே வார்ப்புக்கு அனுப்பலாம், 25, 30 குறைவு என்றால் உலைக்குத் திருப்பி ஊற்றுங்கள். ஆக்சிஜன் குழாயை லேடிலுக்குள் விட்டு ஊதிச் சூடேற்றுவதை வழியென்று சொல்லிக்கொள்கிறார்கள். சிலிக்கானும் மாங்கனீஸும் எரிந்துதான் அந்தச் சூடு வருகிறது. லேப்பில் கெமிஸ்ட்ரி தவறும், எஃகு முழுக்க ஆக்சைடு அழுக்கு நிற்கும். ஆக்சிஜன் குழாய் உறைந்த நாசிலைத் திறக்க மட்டும்.

15. சூடு ஜாஸ்தியாயிடுச்சுன்னா?

உலையிலேயே தெரிந்துவிட்டால் சுத்தமான, காய்ந்த, கெமிஸ்ட்ரி தெரிந்த ஸ்க்ரேப் போடுங்கள். டன்னுக்கு ஒரு கிலோ குளிர்ந்த ஸ்க்ரேப் சுமார் 1.7 டிகிரி இறக்கும். 10 டன்னில் 40 டிகிரி குறைக்க 235 கிலோ. பில்லட் முனை வெட்டுத்துண்டு இதற்கு ஏற்றது. லேடிலில் தெரிந்தால் ஆர்கான் விட்டுக் காத்திருங்கள். டன்டிஷில்தான் தெரிந்தது என்றால் வார்ப்பு வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. அதற்குள் அந்த ஹீட்டின் முதல் பில்லட்டுகளைத் தனியாக அடுக்கி வையுங்கள்.

16. பர்ஜிங் பண்ணாத்தான் சூடு போகுதே, பர்ஜிங்கையே விட்டுடலாமா?

விட்டால் சூடு போவது நிற்காது, தெரியாமல் போகும். அசையாமல் நிற்கும் லேடிலில் சுவரை ஒட்டிக் குளிர்ந்த எஃகு கனமாகி அடிக்கு இறங்கும். மேலே டிப் 1585 காட்டும், அடியில் 1570 இருக்கும். நாசில் அடியில்தான் இருக்கிறது! முதலில் குளிர்ந்தது வரும், பிறகு நடுவில் சூடானது வரும், கேஸ்டர் ஆபரேட்டர் தலையைப் பிய்த்துக்கொள்வார். 2, 3 நிமிடம் மென்மையாக ஆர்கான் விட்ட பிறகே டிப் எடுங்கள். மேற்பரப்பு லேசாக அலைவது போதும். எஃகு கொதித்துத் திறந்துகொள்ளுமளவுக்கு விட்டால் காற்று உள்ளே போகும், சூடும் வீணாகும்.

17. எதுக்கு வம்பு, 1700 வரைக்கும் ஏத்திட்டா எல்லாப் பிரச்சினையும் தீருமே?

சிலிக்கா ராம்மிங் மாஸ் (இடித்து இறுக்கும் சிலிக்காத் தூள்) போட்ட உலையென்றால் லைனிங் தீரும். தூய சிலிக்காவே 1700-ஐத் தாண்டியதும் உருகிவிடும். இரும்பு ஆக்சைடும் மாங்கனீஸ் ஆக்சைடும் கலந்தால் அதற்கு வெகு கீழேயே கரையும். தவிர, சூடு ஏற ஏற எஃகிலுள்ள கார்பன் சிலிக்காவைப் பிடுங்கும்: கார்பன் குறையும், சிலிக்கான் ஏறும். இறக்கும் முன் சாம்பிளில் காரணமில்லாமல் சிலிக்கான் கூடியிருந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். அலுமினா, மக்னீஷியா கலந்த ஸ்பைனல் லைனிங் இன்னும் தாங்கும். ஆனாலும் தாங்கும் என்பதற்காக ஏற்றத் தேவையில்லை.

18. டன்டிஷ்ல எத்தனை தடவை, எந்த இடத்துல எடுக்கணும்?

லேடில் திறந்து 5 நிமிடத்தில் ஒன்று, பாதியில் ஒன்று, முடிவதற்குச் சற்று முன் ஒன்று. லேடில் ஓடை விழும் இடத்தில் எடுக்காதீர்கள், அங்கே எப்போதும் கூடுதலாகக் காட்டும். ஓடைக்கும் கடைசி நாசிலுக்கும் நடுவில், 250 மில்லிமீட்டர் ஆழமாவது. பெரிய ஆலைகளில் அலுமினா கிராஃபைட் உறைக்குள் பி வகைத் தெர்மோகப்பிளை வைத்து டன்டிஷிலேயே மணிக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். உறை தடித்தது என்பதால் முதலில் சரியான எண் வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை டிப்.

19. கன்வெர்ட்டர்ல ஆக்சிஜன் ஊதிக்கிட்டிருக்கும்போதே டெம்பரேச்சர் எடுக்கிறாங்களாமே, எப்படி?

கன்வெர்ட்டர் என்பது உருகிய இரும்பில் ஆக்சிஜன் ஊதி எஃகாக்கும் பெரிய ஆலைகளின் கலன். அதில் சப்லான்ஸ் என்ற தனிக் குழாய் மேலிருந்து இறங்கும். ஊதல் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டிப்பைத் தானே மாட்டிக்கொண்டு உள்ளே போய் வரும். அந்த டிப்பில் ஒரு சின்னக் கிண்ணமும் உண்டு. அதில் எஃகு நிரம்பி உறையும்போது சூடு இறங்குவது ஓரிடத்தில் தயங்கி நிற்கும், அதுதான் லிக்விடஸ். கேள்வி 2-இன் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் கார்பன் கிடைத்துவிடும். மிச்ச இரண்டு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு தாதுக்கல் என்று கணினி முடிவுசெய்யும்.

20. டன்டிஷ்ல சூடு சரியாத்தான் இருக்கு, ஆனா நாசில் அடைக்குது. எப்படி?

உறைந்து அடைப்பது வேறு, படிந்து அடைப்பது வேறு. உறைவது வார்ப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ, சட்டென்று நடக்கும்; எடுத்துப் பார்த்தால் உள்ளே பளபளக்கும் இரும்பு. படிவது மெல்ல மெல்ல ஓடையைச் சுருக்கும். உடைத்தால் வெள்ளையாக, சாம்பல் நிறமாக அலுமினா. இரண்டாவது வகைக்குச் சூட்டை ஏற்றினாலும் பயனில்லை. அலுமினா 2050 டிகிரி பக்கத்தில்தான் உருகும். ஃபெர்ரோ சிலிக்கானில் வந்த அலுமினியத்தையும், லேடிலில் போட்ட அலுமினியத்தையும் பாருங்கள். அடைத்த நாசிலைத் தூக்கி எறியாமல் குளிரவைத்து உடைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எது என்று தெரிந்துவிடும்.

21. மழைக்காலத்துல டிப் உள்ள விட்டா தெறிக்குது. ஏன்?

அட்டை ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரியும். எஃகுக்குள் 300 மில்லிமீட்டர் ஆழத்தில் அது நடந்தால் மேலே இருப்பதைத் தூக்கி எறியும். முகத்தில் கவசமும் அலுமினியம் பூசிய கோட்டும் இல்லாமல் யாரும் லான்ஸைப் பிடிக்கக் கூடாது. அளவும் கெடும்: குமிழிகள் டிப்பைச் சுற்றி ஆடி, கேள்வி 6-இல் சொன்ன மேடை நடுங்கும்.

டிப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கன்ட்ரோல் ரூமில், சூடான காற்றுப் படும் அலமாரியில் வையுங்கள். அட்டை நமுத்துப் போயிருந்தாலோ, விரலால் அழுத்தினால் குழிந்தாலோ அந்த டிப்பை ஒதுக்கிவிடுங்கள். நேரடியாகத் தீயில் காட்டி உலர்த்துவது வேண்டாம்: மேலே கருகி, உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்.